கணக்கை எங்கள் பக்கம் திருப்புங்கள்

பில் போடும் இடத்தில் வாங்குபவர் பக்கம் ஒரு திரை இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் கணினியில் ஏறும்போதே அதன் பெயர், எண்ணிக்கை, விலை, அதுவரை ஆன கூட்டுத்தொகை ஆகிய நான்கும் அதில் தெரிய வேண்டும். பில் முடியும் வரை வேறு எதுவும் அதில் ஓடக் கூடாது. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். "இதற்கு ஒரு பதிவா சார்?" என்று வழக்கமாகப் படிக்கிறவர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். நம் வயதுக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பேச்சு வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் எனக்குத் தெரிந்த மளிகைக்காரர் ஒருவர், அப்பா காலத்துக் கடையை இடித்துக் கட்டி சூப்பர் மார்க்கெட் ஆக்கிக்கொண்டிருக்கிறார். கணினி விற்க வந்தவர் கொடுத்த விலைப்பட்டியலை என்னிடம் நீட்டினார். "சார், கஸ்டமர் பக்கம் வைக்கிற ஸ்கிரீன்ல எதை வாங்கலாம்? பெரிசா ஒண்ணு இருக்கு. அதுல விளம்பரம் ஓட்டினா மாசாமாசம் காசும் வருமாம்" என்றார். அந்தக் "காசும் வருமாம்" என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பழைய மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். அண்ணாச்சி காதில் செருகிய பென்சிலை எடுப்பார். பொட்டலம் கட்டும் காகிதத்திலேயே ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி எழுதுவார். "துவரம் பருப்பு அரைக்கிலோ, நல்லெண்ணெய் கால் லிட்டர், மிளகு நூறு" என்று அவர் சொல்லச் சொல்ல நாம் தலையாட்டுவோம். காகிதம் நமக்குத் தலைகீழாகத்தான் இருக்கும். இருந்தாலும் தலைகீழாகவே கூட்டிப் பார்க்கும் கெட்டிக்காரப் பெண்கள் நம் தெருக்களில் இருந்தார்கள். தராசோ இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கியது. முள் நேராக நிற்கிறதா என்பதை விற்பவரும் பார்க்கலாம், வாங்குபவரும் பார்க்கலாம். அந்தக் காலத்தில் ஏமாற்று இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தட்டுக்கு அடியில் புளி ஒட்டிய கதையெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் கணக்கு நம் கண் எதிரில் நடந்தது. தப்பு இருந்தால் அங்கேயே வாயைத் திறக்க முடிந்தது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பர் 1ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய பிறகும் அந்த வகுப்புகள் நீடித்தன. எங்கள் கணக்கு வாத்தியார், மிஸ்யே என்றுதான் கூப்பிடுவோம், விடை மட்டும் எழுதியவனுக்கு மதிப்பெண் போடவே மாட்டார். "போஸே லொப்பெராசியோன்" என்பார். கணக்கைப் போட்டுக் காட்டு என்று அர்த்தம். விடை சரியாகவே இருந்தாலும், வந்த வழி தெரியாவிட்டால் அது விடையே ஆகாது என்பது அவர் கட்சி. பிற்பாடு வேலையும் கலியாணமும் இந்தப் பக்கம் அமைந்து, கருவூலத்தில் எழுத்தராக உட்கார்ந்தபோது அதே பாடம் வேறு உருவத்தில் வந்தது. கருவூலப் பெட்டக அறைக்கு இரட்டைப் பூட்டு. சாவிகள் இரண்டு பேரிடம். ஒருவர் மட்டும் போய்த் திறக்க முடியாது. யாரையும் சந்தேகித்துச் செய்த ஏற்பாடு இல்லை அது. பணம் இருக்கும் இடத்தில் இரண்டு ஜோடிக் கண் வேண்டும் என்பது விதி.

இன்றைய பில் கவுண்டரில் ஒரு ஜோடிக் கண்தான் இருக்கிறது. கணினித் திரை கடைக்காரர் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நமக்குத் தெரிவது அதன் முதுகும் வயரும். "கீக், கீக்" என்று சத்தம் மட்டும் கேட்கும். கடைசியில் "ஆயிரத்து முந்நூத்தி நாப்பது சார்" என்று ஒரு விடை வரும். வழி தெரியாத விடை! எங்கள் மிஸ்யே இருந்திருந்தால் கடைக்காரரைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கல்லாப்பெட்டி இயந்திரம் பிறந்ததே வாங்குபவர் பக்கம் முகத்தைக் காட்டத்தான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி என்று ஒரு மதுக்கடைக்காரர். கல்லாவில் நிற்பவர்கள் காசை ஒதுக்கிவிடுகிறார்கள் என்பது அவருடைய தீராத தலைவலி. ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனபோது, சுழலி எத்தனை முறை சுற்றியது என்று எண்ணிக் காட்டும் கருவியைப் பார்த்தார். அதே யோசனையில் ஊர் திரும்பி, தம் சகோதரரோடு சேர்ந்து ஒரு இயந்திரம் செய்து 1879ல் காப்புரிமை வாங்கினார். கடிகார முகம் போல ஒரு பெரிய வட்டம், அதில் இரண்டு முள்கள். வாங்கிய தொகை எவ்வளவு என்று எதிரே நிற்பவருக்கும் பளிச்சென்று தெரியும். பின்னால் 1884ல் பேட்டர்சன் என்பவர் அந்தத் தொழிலை வாங்கி, நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியாக உலகமெங்கும் கொண்டுபோனார். தொகை எழுதிய தகடு மேலே எழும்பி நிற்கும் இயந்திரங்களைப் பழைய படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்த ஏற்பாட்டின் சூட்சுமம் என்ன? வாங்குபவர் சாட்சி. இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு பத்து என்று அழுத்தினால் எதிரே நிற்பவர் "என்னப்பா இது" என்று கேட்டுவிடுவார். முதலாளிக்குச் சம்பளம் இல்லாத காவலாளி கிடைத்தார். அன்றைக்கு முதலாளியின் காசைக் காக்க நம் கண் தேவைப்பட்டது. இன்றைக்கு அவருக்குக் காமிரா வந்துவிட்டது, கணினி வந்துவிட்டது, ஆகையால் நம் கண் வேண்டாம் என்று திரையைத் திருப்பிக்கொண்டார்கள். நம் காசைக் காக்க நம் கண் வேண்டாமா?

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது சார்" என்பது வழக்கமான பதில். உண்மைதான், கூட்டலில் தப்பு வராது. கூட்டக் கொடுத்ததில் வரும். ஒரே பாக்கெட் இரண்டு முறை ஸ்கேன் ஆகலாம். அலமாரியில் தள்ளுபடி விலை ஒட்டியிருக்கும், கணினியில் பழைய விலையே இருக்கும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பார்கள், பில்லில் இரண்டுக்கும் விலை விழுந்திருக்கும்.

எனக்கே நடந்தது. ஒரு கடையில் இரண்டு உளுந்து பாக்கெட் எடுத்தேன், மூன்று என்று பில். வாங்குபவர் பக்கம் அந்தக் கடையில் திரை இருந்தது, அதில் நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மறுபடி பஸ் ஏறிப் போனால், "காமிராவுல பார்த்துச் சொல்றோம் ஐயா, நாளைக்கு வாங்க" என்றார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் போய் வருவதற்கு ஆகும் அலைச்சலைக் கணக்குப் பார்த்து எத்தனை பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்! பில் கொடுத்துவிட்டோமே, வீட்டில் போய்ச் சரிபார்க்கட்டும் என்கிறவர்களுக்கு இதுதான் பதில். வங்கியில் "கவுண்டரை விட்டு நகரும் முன் பணத்தைச் சரிபார்க்கவும்" என்று எழுதி வைத்திருப்பார்கள். சரிபார்க்கச் சொல்கிறவர்கள் சரிபார்க்கும்படி காட்ட வேண்டாமா?

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஒரு அம்மா. குடும்ப ஓய்வூதியத்தில் தனியாக இருக்கிறார். சுருக்குப் பையில் கணக்காக ஐந்நூறு ரூபாய் வைத்துக்கொண்டு கடைக்கு வருவார். ஒரு நாள் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். பில் முடிந்தது. "ஐந்நூத்தி அறுபத்தெட்டு பாட்டி" என்றது கவுண்டர் பெண். அந்த அம்மாவின் கை பையிலேயே நின்றுவிட்டது. எதை எடுத்து வைப்பது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறார். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறோம். அந்தப் பெண் மேற்பார்வையாளரைக் கூப்பிட, அவர் வந்து சாவி போட்டு ஒரு பொருளை நீக்க, அத்தனையும் நடந்து முடியும் வரை அந்த அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கொடுக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அவருக்கு அது இன்னொரு அவமானம். பேசாமல் இருந்தேன்.

கூட்டுத்தொகை ஏறிக்கொண்டே போவது அவர் பக்கம் தெரிந்திருந்தால், நானூற்றுத் தொண்ணூறு வந்ததும் "போதும் பாப்பா, மிச்சம் அடுத்த வாட்டி" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்த தலையோடு போயிருப்பார். போனைக் காட்டிப் பணம் கட்டுகிறவர்களுக்கு இந்த வரி தேவைப்படாது. கையில் இருக்கும் காசுக்குள் வாங்குகிறவர்களுக்கு அந்த ஒரு வரிதான் மரியாதை. அந்த இடத்தில் நகை விளம்பரம் ஓட்டிக் காசு பார்க்கிறோம் என்றால், யாருடைய மரியாதையை விற்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

இன்னொரு சமாசாரம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைந்தது. சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் போன்றவற்றுக்கு 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதம். நெய், வெண்ணெய்க்கு 12லிருந்து 5. கணக்குக்கு எளிதாக, வரி சேர்த்து 118 ரூபாய் அச்சிட்ட ஒரு சோப்புப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அடக்க விலை 100. புது வரி போட்டால் 105. பதின்மூன்று ரூபாய் குறைய வேண்டும். ஆனால் பழைய சரக்கின் அட்டையில் 118 என்றுதானே இருக்கும்? குறைத்தார்களா இல்லையா என்பது ஸ்கேன் செய்யும் அந்த நொடியில்தான் தெரியும். அதுவும் திரை நம் பக்கம் இருந்தால்! நாட்டுக்கே அறிவித்த சலுகை, கடைசி இரண்டு அடியில் கணினியின் முதுகுக்குப் பின்னால் போய் மறைந்தால் என்ன பிரயோஜனம்?

சட்டம் இதைப் பற்றி யோசிக்கவில்லையா என்றால், தராசு விஷயத்தில் நன்றாகவே யோசித்திருக்கிறது. எடையளவுச் சட்ட விவகாரங்களுக்கென்று 1955ல் பாரிஸ் ஒப்பந்தத்தின் வழி அமைந்த ஒரு சர்வதேச அமைப்பு உண்டு. அதன் அலுவல் மொழி பிரெஞ்சு. எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை, மன்னித்துவிடுங்கள். இந்தியாவும் அதில் உறுப்பினர். அந்த அமைப்பின் 76ஆம் பரிந்துரை, பொதுமக்களுக்கு நேரடியாக விற்கும் விலை காட்டும் தராசுகளைப் பற்றிச் சொல்கிறது: எடையும் விலையும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரு திரையால் முடியாவிட்டால் இரண்டு திரை வைக்க வேண்டும். வாங்குபவர் பக்கத்து எண்களின் உயரம் 9.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சுண்டுவிரல் நகத்தின் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணின் உயரம் வரைக்கும் யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்.

நம் ஊர் பால்கோவாக் கடைகளில் தராசுக்குப் பின்பக்கமும் எண் தெரிவது இதனால்தான். ஆனால் சில கடைகளில் அந்தப் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு ஒரு மிட்டாய் ஜாடி நிற்கும். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா, கிராமுக்குக் காசு. அட்டைப் பெட்டியின் எடையைக் கழித்தார்களா என்று பார்க்க வேண்டிய இடத்தில் ஜாடி எதற்கு? சாதாரணமாகக் கேட்டால் நகர்த்திவிடுவார்கள். நான் கேட்டிருக்கிறேன், நகர்த்தியிருக்கிறார்கள்.

தராசுக்கு உள்ள இந்த நியாயம் பில் போடும் கணினிக்கும் வேண்டும் என்கிறேன். புதுமையான கோரிக்கை இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலச் சட்டத்தில், கணினி விலையை எடுத்துக்கொள்ளும் அதே நேரத்தில் வாங்குபவருக்கும் அது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இருக்கிறது. நம் நாட்டிலும் பிக் பஜார் வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் கொடுத்த உத்தரவு நினைவிருக்கலாம். கைப்பைக்குக் காசு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லாமல், பணம் கட்டும் இடத்தில் வந்த பிறகு சொல்வது முறையற்ற வணிகம் என்றது ஆணையம். காலம் கடந்து சொல்வது சொல்லாததற்குச் சமம் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். பிரான்சில் 2023 ஆகஸ்ட் 1 முதல் கேட்டால்தான் காகித பில். பாரிசில் இருக்கும் என் சித்தப்பா மகள், "அண்ணே, இப்ப ஸ்கிரீனைத்தான் உத்து உத்துப் பார்க்கிறோம்" என்கிறாள். நாளைக்கு இங்கேயும் பில் போனுக்குப் போய்விடும். அப்போது போன் இல்லாதவர் கையில் என்ன மிஞ்சும்?

மளிகைக்காரர் சொன்ன மறுப்புகளையும் மறைக்காமல் சொல்கிறேன். "கூட்டம் இருக்கையில நேரம் ஆகும்" என்றார். திரை காட்டுவதற்கு நேரம் ஆகாது. பில் போட்ட பிறகு வரும் தகராறுக்குத்தான் நேரம் ஆகும். "யாரும் பார்க்கிறதில்ல சார்" என்றார். பெட்ரோல் பங்கில் எண் நம் பக்கம் இருக்கிறது. பூஜ்யம் பார்க்காமல் வண்டிக்குப் போடச் சொல்கிறவர் உண்டா? காட்டினால் பார்ப்பார்கள். "எங்களை நம்பலைன்னு ஆயிடாதா?" என்றார். கோயில் உண்டியலை அதிகாரிகள், பக்தர்கள் முன்னிலையில்தான் திறந்து எண்ணுகிறார்கள். ஆண்டாள் மேல் நம்பிக்கை இல்லாமலா? அதோடு, கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளையும் நினைக்க வேண்டும். கணக்கு உதைத்தால் சம்பளத்தில் பிடிப்பது பல இடங்களில் வழக்கம். நேரில் பார்த்த வாங்குபவர் அந்தப் பிள்ளைக்கும் சாட்சி.

சரி, எதை வாங்குவது? எனக்குத் தெரிந்தவரை மூன்று வகை. ஒன்று, சின்னக் கம்பத்தின் மேல் இரண்டு வரி பச்சை எழுத்துத் திரை, வரிக்கு இருபது எழுத்து. எண்கள் பளிச்சென்று தெரியும், விலையும் குறைவு, விளம்பரம் ஓட்ட வழியே கிடையாது. குறை என்னவென்றால் பெரும்பாலும் தமிழ் வராது, பொருளின் பெயர் பாதியில் வெட்டுப்படும். இரண்டாவது, ஏழு அல்லது பத்து அங்குலத்தில் தனி வண்ணத் திரை. தமிழில் பெயர் வரும், முழுப் பட்டியலும் தெரியும். மூன்றாவது, கணினியோடு ஒட்டிய பதினைந்து அங்குலப் பெரிய திரை. மளிகைக்காரருக்கு ஆசை காட்டியது இதுதான். இது பெரிதாக இருப்பதன் காரணம் விளம்பரம். நம் பில்லை மூலையில் தபால் தலை அளவுக்கு ஒதுக்கிவிடுவார்கள்.

சின்னக் கடைக்கு முதல் வகையே போதும். கம்பத்தை மட்டும் வாங்குபவரின் கண் உயரத்தில், சாக்லேட் டப்பாக்கள் மறைக்காத இடத்தில் வைக்க வேண்டும். கொஞ்சம் பெரிய கடை என்றால் இரண்டாவது. பெயர் தமிழில், எண் பெரிதாக, கருப்பில் வெள்ளையோ வெள்ளையில் கருப்போ. கண்புரை அறுவை செய்துகொண்டவர் இரண்டடி தள்ளி நின்று படிக்க முடிகிறதா என்று ஒரு தரம் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மேல் விளக்கு அதில் பட்டுக் கண்ணைக் கூசாத கோணத்தில் திருப்பி வையுங்கள். கூட்டுத்தொகை எப்போதும் ஒரே இடத்தில் நிற்கட்டும். விளம்பரம் வேண்டுமானால் கடைச் சுவரில் எத்தனை வேண்டுமானாலும் ஓட்டுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. மூன்றாவதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், பில் ஓடும்போது விளம்பரம் தானாக நிற்கும்படி மென்பொருளில் அமைத்துக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது போதாது. நாற்பது வருஷம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன்.

கடைசியாக, நம் பங்கு. நாமும் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறோம். கிழவன் கணக்குக் கேட்கிறான் என்று நினைப்பார்களோ என்று தயங்குகிறோம். தயங்க வேண்டாம். "தம்பி, அந்தத் திரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு" என்று சொல்லிப் பழகுங்கள். திரையே இல்லை என்றால் "ஒவ்வொண்ணா விலையைச் சொல்லிக்கிட்டே போடு பாப்பா" என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் மேல் கோபம் வேண்டாம், திரையை வாங்கினது அவர்கள் இல்லை. கேட்க வேண்டியது முதலாளியிடம். பில்லில் தப்பு வந்து கடையில் தீர்க்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையமும் நம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. அங்கே போகிற அளவுக்கு எதுவும் வர வேண்டாம். ஒரே மாதத்தில் ஐம்பது பேர் ஒரே கடையில் "திருப்புங்க" என்று கேட்டால் போதும். வியாபாரிக்கு அதைவிடப் பெரிய சட்டம் கிடையாது.